நான்கு கமாக்கள்

ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கும் ஜெரோம், அடுத்தவர்கள் எழுதிய இசையைத் தன் கருவிக்கு மாற்றி எழுதிக்கொள்பவன். இந்த முறை மாற்றியது இசையமைப்பாளர் ஞானாதிக்கம் வயலினுக்காக எழுதியதை. ஒத்திகைக்கு அவரே வந்து, ஜெரோம் எழுதிய இசைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாலையில் கச்சேரி. அதை மேடையில் வாசிப்பதற்கான அனுமதிக் கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

“இந்த நாலு வரிக்குள்ள நாலு கமா இருக்கே, யார் போட்டது?”

“நான்தான் சார். மூச்சு வாங்கணும்ல.”

“நான் எங்கயும் நிறுத்தலையே.”

“வில்லுக்கு மூச்சு வேணாம் சார்.”

அவர் சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து நான்கையும் அழித்தார். துகள்களை ஊதித் தள்ளினார்.

“இப்ப வாசி. அப்புறம் கையெழுத்து.”

ஜெரோம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினான். ஞானாதிக்கத்தின் விரல் தாளில் சுரம் சுரமாக நகர்ந்தது. இரண்டாம் வரியில் ஜெரோமின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாம் வரியில் முகம் கறுத்தது. அங்கேதான் ஞானாதிக்கத்தின் விரல் நின்றது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவரைப் போல வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அதுவரை தானும் அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“போதும்ப்பா,” என்றார். அழித்த கமாக்களைத் திரும்பப் போட, கை பென்சிலைத் தேடியது. “போதும், நிறுத்து.”

ஜெரோம் கண்களை மூடியிருந்தான். நான்காம் வரியும் முடிந்தது. சாக்ஸபோன் நிற்கவில்லை. அவர் எழுதாத ஐந்தாம் வரிக்குள் போய்க்கொண்டிருந்தது.