அப்பாவுக்கு வந்த கோபம்

"உன் பொண்டாட்டி நைனாவைத் திருப்பதி பஸ்ல ஏத்திக்கினு போறாடா. எங்கயோ ஆசிரமத்துல தள்ளிட்டு வரப்போறா."

அக்கா பத்மாவதியின் போன் வந்தபோது முரளிதரன் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலையில் இருந்தான். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அப்படியே திருப்பதி பஸ் ஏறினான்.

மனைவி யாமினிக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான். எடுக்கவில்லை. புத்தலப்பட்டு தாண்டும்போது, நிஜமாகவே அப்பாவைத் தள்ளிவிட்டு வந்தால் வீடு கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே உடம்பு கூசிப்போனது.

அப்பா பேர் அப்பாவு. குடிபாலாவில் கூலி வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். மூன்று வருஷமாக மறதி நோய். வீடு மறந்தது, பெற்ற பிள்ளையின் பேர் மறந்தது. ஆனாலும் சாதுவாகவே இருந்தார். போட்டதைத் துன்னுவார், உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

நாலு நாளாகத்தான் வேறு ஆள். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தெருவில் நின்றார். கட்டிவிடப் போன யாமினியை வாயிலேயே அறைந்தார். கிட்டே போனாலே கத்தினார்.

ஊரில் ஊசி போடுகிறவர், நோய் முற்றிவிட்டது என்று தூக்க மாத்திரை கொடுத்தார். யாமினி மட்டும் ஒப்பவில்லை. மறதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும், ஒரே நாளில் ஆள் மாறினால் உடம்புக்குள் வேறென்னவோ இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நச்சரித்தாள். கிழவனைக் கழட்டிவிட வழி பார்க்கிறாள் என்றாள் பத்மாவதி. முரளிதரனுக்கும் அப்படித்தான் பட்டது.

நேற்று, தெருப் பெண்கள் பார்க்க நின்ற அப்பாவை இரண்டு அடி போட்டுத்தான் உள்ளே இழுத்து வந்தான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் யாமினியே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி பேரும் வார்டும் சொன்னாள். அவ்வளவுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தான். அப்பா கண்மூடிக் கிடந்தார். கட்டிலோரம் தொங்கிய பையில் மூத்திரம் ரத்தம் கலந்து நிரம்பிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா தெலுங்கில் விளக்கினார். நாலு நாளாக மூத்திரம் சரியாகப் போகாமல் சொட்டுச் சொட்டாக வந்திருக்கிறது. உள்ளே கிருமியும் சேர்ந்துவிட்டது. அந்தத் தூக்க மாத்திரை அடைப்பை இன்னும் கூட்டியிருக்கும். கிட்னி தப்புமா என்பது இரண்டு நாள் போனால்தான் தெரியும்.

"வலிக்குதுன்னு சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. வேட்டியை அவுத்ததும் அடிச்சதும்தான் அவர் சொன்ன பேச்சு" என்றார் கடைசியாக.

வராண்டா பெஞ்சில் யாமினி உட்கார்ந்திருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. முரளிதரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நேத்து நைனாவை அடிச்சிட்டேன், யாமினி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இத்தனை பேர் நோய் முத்திடுச்சுன்னு சொல்றப்போ, உனக்கு மட்டும் எப்பிடித் தோணிச்சு?"

"எங்கம்மாவும் இப்பிடித்தான் திடீர்னு அடிக்க ஆரம்பிச்சிச்சு" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

மாமியார் மறதி நோய் முற்றி இறந்தார் என்றுதான் இத்தனை வருஷமாக அவனுக்குத் தெரியும்.

"நோய்தான்னு எல்லாரும் சொன்னாங்க. ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு, முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருக்கும்னாங்க."

வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த ஆறு நாளும் அம்மா கையைக் கட்டில்ல கட்டிப் போட்டவ நான்தான்."