முள் இறங்கும்போது

"ஆக்சிலேட்டர மிதிக்கையில கேஜு முள்ளு எறங்குச்சுன்னா டீசல் பம்பு போச்சுன்னு அர்த்தமுங்க ஆல்வின். இந்தப் பழைய இஞ்சினுக்கு இனி பம்பு கெடைக்காது" என்று உக்கடத்து மெக்கானிக் முத்தலிப் நேற்றுச் சொன்னார். "அதெல்லாம் எறங்காதுங்க பாய். கேஜ நானே மாட்டிப் பாத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டு வந்தான் ஆல்வின்.

இப்போது தொண்டாமுத்தூர் வீட்டு வாசலில் அவன் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. கேபினுக்குள் இஞ்சின் மூடியைக் கழற்றி, டீசல் பில்டரில் அழுத்தம் காட்டும் கேஜை முறுக்கிவிட்டு, மண்டியிட்டு அதையே பார்க்கிறான். டிரைவர் சீட்டில் அவன் மனைவி கிருபா. தென்னோலை வழியே வரும் வெயில் கேஜின் கண்ணாடியில் நடுங்குகிறது. "பூ மாதிரி மிதி, அம்மணி." மிதிக்கிறாள். முள் அசையவில்லை. "பாத்தியா, பம்பு கல்லாட்டம் இருக்குது!" இப்படி மெல்ல மிதித்தால் லோடு ஏற்றிய வண்டி எந்த மேட்டிலும் ஏறாது என்று அவளுக்கும் தெரியும். "இன்னும் மிதிக்கட்டுங்களா?" "வேண்டாங் கண்ணு." அவன் குரல் கெஞ்சுகிறது. கிருபா செருப்பைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்துகிறாள். இஞ்சின் அலறித் திணறுகிறது. முள் சரிந்து அடியில் படுக்கிறது. அவன் கேஜின் கண்ணாடியை விரலால் தட்டுகிறான். மறுபடியும் தட்டுகிறான். அவள் காலை எடுத்துவிட்டு, டீசல் பிசுபிசுக்கும் அந்த விரலைப் பிடித்துக்கொள்கிறாள். கல்யாணமானதிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறாள். "லாரி போதுமுங்க. இனிமே ராத்திரிக்கு ஊட்டுல இருங்க."