ஒப்பாரியில் பெயர் வரும் இடம்

இத்தாலிய நகரமொன்றின் அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடி. பாதி சாத்திய ஜன்னல் வழியே வெயில் பியானோமேல் கோடு கோடாக விழுகிறது. கீழே சந்தையில் மீன்காரன் கத்துகிறான். கவிதைகளுக்கு இசையமைக்கிற அமெரிக்கக்காரி ரூத், பாட்டைக் குறித்துக்கொள்ளப் பென்சிலும் கையுமாக இருக்கிறாள். அவள் வீட்டைத் துடைக்கிற என் அம்மா, மொப்பைப் பிடித்தபடி, செத்துப்போன அம்மப்பாவுக்கு ஒப்பாரி பாடி முடித்திருக்கிறாள். நான் படித்தவளாம், அதனால் மொழிபெயர்ப்பது என் வேலை. வன்னிப் போரில் காணாமல்போன அம்மாவின் தம்பியின் பெயரைப் போட்டு இன்னொருமுறை பாடச் சொல் என்கிறாள் ரூத். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அம்மாவிடம் சொல்கிறேன். அம்மா சீறுகிறாள்: “அவன் செத்தவன் எண்டு ஆரடி சொன்னது? உயிரோடை இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறதோ? விசரி எண்டு சொல்லு அவளுக்கு.” விசரி, பைத்தியக்காரி என்பதையும் சேர்த்தே ரூத்திடம் சொல்லிவிடுகிறேன். ரூத்தின் முகம் சிவக்கிறது. பென்சிலைப் பியானோமேல் வைக்கிறாள். அம்மா மொப்பை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிற்கிறாள். “தாலாட்டெண்டாப் பாடுறன். அவனைத் தூக்கி வளர்த்தது நான்தானே.” இதை நான் மொழிபெயர்க்குமுன் அம்மா தொடங்கிவிடுகிறாள். மொப்புக் கட்டையைத் தோளில் சாய்த்து, மெல்ல ஆட்டி ஆட்டி, நாற்பது வயதைத் தாண்டியிருக்கவேண்டிய தம்பிக்கு ஆராரோ பாடுகிறாள். ரூத் பென்சிலை எடுக்கவே இல்லை.