ஆடிப்போன இரண்டு நிமிடம்

குவைத்திலிருந்து ஊர் வந்த மறுநாளே ஷேக் பரீத் பட்டுக்கோட்டை ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, மகள் ஜஸீலாவின் கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவை, அதை எடுத்த அரவிந்தனின் மேசைமேல் விட்டெறிந்தார்.

“லீவு கெடைக்காம, என் பொண்ணு கல்யாணத்தை நான் வீடியோலதான்யா பார்த்தேன். அவ மாப்பிள்ளை வீட்டுக்குக் கெளம்புற நேரம் பார்த்து கேமராவை இப்படி ஆட்டி வெச்சிருக்கியே. ஸ்டாண்டு வாங்க வக்கில்லாதவனுக்கு எதுக்குய்யா ஸ்டுடியோ?”

“ஸ்டாண்டுலதான் பாய் வெச்சிருந்தேன். உங்க வாசல்ல மணலுன்னு மூணு காலுக்கும் செங்கல் குடுத்து நிறுத்தினேன்.”

“அப்ப பூகம்பமா வந்துச்சு? மத்த மூணு மணி நேரமும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே. சஹன் தட்டுல பிரியாணி அள்ளுறவன் விரல்கூடத் தெளிவா விழுந்திருக்கு. அழுதுக்கிட்டே கார்ல ஏறுற என் பொண்ணு மொகம் மட்டும் தெரியல.”

அவருக்கு மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் அடங்கவில்லை.

“அந்த எடத்துல கமருன்னிஸாவையும் காணோம். ஏன்னு வீட்ல கேட்டா அவ பதிலே சொல்ல மாட்டேங்குறா. பெத்தவளைக்கூட எடுக்காம என்னத்தைப் புடுங்குன?”

அரவிந்தன் பென்டிரைவை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“அம்மா கேமராவுக்குப் பின்னாடிதான் பாய் நின்னாங்க. தொடாதீங்கம்மா, படம் ஆடும்னு சொன்னேன். கேக்கல. ‘அவுங்க இதுவழியாத்தானே பார்க்கப் போறாங்க’ன்னு சொல்லிட்டு, கார் மறையுற வரைக்கும் ஸ்டாண்டைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க.”