பின்னால் ஓர் அடி

இருபத்திரண்டு வருடம் நன்றாக ஓடிய பம்பு கம்பெனியை விட்டுவிட்டு அப்பாவின் வயலுக்கே திரும்பிய குணாளன், முதல் நடவில் முன்னால் நடந்தபடியே நாற்று நட்டார். நட்டதையெல்லாம் அவர் கால்களே மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கின.

"ஐயா, நடவுன்னா பின்னாடியேதான் போவணும்," என்றாள் அஞ்சம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மற்ற நடவுப் பெண்கள் அடக்கவில்லை. வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி வசுமதியும்தான். இந்தக் கூத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பதினொரு மணி பஸ்ஸில் சென்னைக்கே போய்விடுவேன் என்று சொல்லித்தான் அவள் வந்திருந்தாள்.

குணாளன் வரப்போரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். குனிந்து நட்டுவிட்டுப் பின்னால் ஓர் அடி. மறுபடி குனிந்து நட்டுவிட்டு இன்னோர் அடி. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பஸ் ஹாரன் கேட்டு நிமிர்ந்தபோது வரப்பில் குடையைக் காணவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே குனிந்தார்.

நடுவயலில் அவர் முதுகு யார் மீதோ இடித்தது.

"வர்றப்ப ஹாரன் அடிக்க மாட்டீங்களா?" என்றாள் வசுமதி. முழங்கால்வரை சேறு. எதிர்வரப்பிலிருந்து அவள் பின்னோக்கி நட்டுக்கொண்டு வந்த வரிசை கன்னாபின்னாவென்று நெளிந்து கிடந்தது.

"நீங்க நிக்கிற எடம் மட்டுந்தான் நடாம கெடக்கு. ரெண்டு பேரும் வெளிய வாங்க!" என்று அஞ்சம்மாள் கத்தினாள்.

முதுகோடு முதுகு சாய்ந்து நின்ற இருவருக்கும் அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.