இருமல் இல்லாத காடு

காட்டில் இருமல் வேகமாகப் பரவியது. தலைமைச் சுகாதார அதிகாரியான கீரி சிங்கராஜாவிடம் ஓடியது.

"கொஞ்ச நாளைக்கு யாரும் கூட்டம் கூடக் கூடாது, மகாராஜா."

"நாளைக்கு என் பிறந்தநாள் விழா. கூட்டம் வராமல் எப்படி? அது இருமல் இல்லை, பாட்டு என்று அறிவித்துவிடு" என்றது சிங்கம்.

கீரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பதவி போய்விடுமே என்று பயந்து அப்படியே அறிவித்தது. விழாவில் காடே நெருக்கியடித்து நின்று பாடித் தீர்த்தது.

இரண்டு நாள் கழித்து, சபையில் சிங்கமே இரும ஆரம்பித்தது. அதற்கு மூச்சு முட்டியது, கண் பிதுங்கியது. கீரி மருந்தோடு பதறி ஓடியது.

முன்வரிசையில் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த யானை, தும்பிக்கையை நீட்டிக் கீரியைப் பிடித்து உட்காரவைத்தது.

"சும்மா இருய்யா. மகாராஜா பாடும்போது குறுக்கே போகாதே."