இரண்டு வாட் சுருதி

"காதை ஒட்டி வெச்சுக் கேளுங்கண்ணே. மூச்சாவது விடுதா?" என்றான் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெனடிக்ட்.

சபேசன் ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. பழுதான ஒரு வால்வை மாற்றத்தான் அவர் தன் பழைய ரெக்கார்டு பிளேயரைக் கொடுத்திருந்தார். ஆனால் அதன் இரண்டு வாட் ஆம்ப்ளிஃபயரைத் திறந்துவிட்டால் பெனடிக்டுக்குக் கை சும்மா இருக்காது. சர்க்யூட்டையே புதிதாக வரைந்து, அதன் பழைய இரைச்சலைத் துடைத்தெடுத்துவிட்டான்.

இசைத்தட்டு எதுவும் போடாமல் அதை ஓடவிட்டு, 'ம்ம்' என்ற அந்த இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டுதான் அவர் மனைவி அம்சவேணி பாடுவாள். போன மாசியில் அவள் இறந்த பிறகும் சுருதி மட்டும் அறையில் நின்றிருந்தது. மாலைதோறும் அதன் முன் உட்கார்ந்திருப்பார், எந்த நொடியும் அவள் பல்லவியை எடுத்துவிடுவாள் என்பதுபோல.

"என்னண்ணே, சுத்தமா இருக்கா?"

"பெனடிக்ட், அந்த இரைச்சலை மறுபடி உள்ள வெச்சுத் தர்றியாப்பா?"